இணையத்தளமும் கலைஞரும்: உருவம், உள்ளடக்கம், உடைமை பற்றிய சில குறிப்புகள்

உருவம், உள்ளடக்கம் ஆகியவற்றுக்கிடையேயான உறவு ஈழத்துத் தமிழ் விமர்சனத்திலே நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வந்த பொருளாகும். கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியன குறித்து அவ்விவாதத்தை நடத்திய நாம், இன்றைய கலைஞர் பலர் தம்மை உலகுக்கு அறிமுகஞ் செய்துகொள்ளும் இணையத்தளத்தை அதே கண்கொண்டு போதியளவு நோக்கினோமல்லோம். ஓவியரும் புகைப்படக் கலைஞரும் வரைகலைஞரும் தத்தம் ஆக்கங்களைத் தொகுத்துக் காட்டும் தளம், போர்ட்போலியோ எனப்படுவது, வெறும் தொழில்நுட்பச் சாதனமாகவே கருதப்படுகின்றது. அஃது ஒரு கலைவடிவம். அதேவேளை ஒரு சமூக உறவு. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கினாலன்றி அதன் அழகியலை விளங்கிக்கொள்ளல் இயலாது என்பதே எமது கருத்து.

ரிம் பேர்னேர்ஸ்-லீ 1990 இல் சேர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதலாவது இணைய உலாவி, பக்கங்களைப் படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் உரிய கருவியாக இருந்தது. வாசகரும் எழுத்தாளரும் ஒருவரே என்னும் எண்ணம் அதனுள் அமைந்திருந்தது. 1993 ஏப்ரில் 30 இல் அத்தொழில்நுட்பத்தைச் சேர்ன் பொதுவுடைமையாக்கியது. இதனைத் தொடர்ந்து 1994 இல் தோன்றிய ஜியோசிற்றீஸ், சாதாரண மக்கள் கட்டணமின்றித் தமக்கென ஒரு பக்கம் அமைத்துக்கொள்ள வழிசெய்தது. பக்கங்கள் பொருளுக்கேற்ப 'அயற்புறங்களாக' வகுக்கப்பட்டிருந்தன. நட்சத்திரம் மின்னும் பின்னணிகள், அசையும் சிறுபடங்கள், 'வேலை நடைபெறுகிறது' என்னும் அறிவிப்புப் பலகைகள், தாமாகவே ஒலிக்கும் இசை ஆகியன அங்கு மலிந்திருந்தன.

இவற்றை இரசனையற்ற ஆரவாரமென வடிவமைப்புத் துறையினர் பலர் ஒதுக்கினர். ரஷ்யக் கலைஞரான ஒலியா லியாலினா 2005 இல் எழுதிய கட்டுரையொன்றிலே இவற்றை இணையத்தின் பேச்சுவழக்காகக் கொண்டு ஆராய்ந்தார். இந்நோக்கு எமக்கு ஏற்புடையதே. எந்தப் பக்கத்தினதும் மூலநிரலை எவரும் திறந்து பார்க்கலாம். ஒருவர் பயன்படுத்திய கோலத்தை மற்றவர் எடுத்து மாற்றிக் கையாளலாம். நாட்டார் பாடலொன்று வாய்க்கு வாய் மாறிச் செல்வதை ஒத்த இயக்கம் இது. ஆனால், இவ்வொப்புமைக்கு ஓர் எல்லையுண்டு. நாட்டார் பாடலுக்கு நிலக்கிழார் இல்லை; ஜியோசிற்றீசுக்கு இருந்தார். 1999 இல் யாகூ கம்பனி ஏறத்தாழ 3.6 பில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து அதனை வாங்கியது. அவ்வாண்டு நடுப்பகுதியில், பயனர்களின் ஆக்கங்கள்மீது விரிந்த உரிமை கோரும் விதிகளை வெளியிட்டு, அவர்களின் எதிர்ப்பினால் அவற்றை மாற்றியெழுத நேர்ந்தது. 2009 ஒக்டோபரில் அத்தளம் மூடப்பட்டது. மில்லியன் கணக்கான பக்கங்களுள் ஆவணக்குழு எனத் தம்மை அழைத்துக்கொண்ட தன்னார்வலரும் இணைய ஆவணகமும் பிறரும் பிரதிசெய்தவையே எஞ்சின. கட்டியவர் ஒருவர், நிலம் மற்றொருவருடையது என்னும் முரண்பாட்டின் விளைவு இது.

இங்கு வால்டர் பெஞ்சமின் 1934 இல் எழுப்பிய வினாவை நினைவுகூர்தல் பொருந்தும். ஓர் ஆக்கம் தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன மனப்பாங்கு கொண்டுள்ளது என்று கேட்பதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள்ளே அது எங்கு நிற்கிறது என்று கேட்கவேண்டுமென்றார் அவர். இணையத்தளத்தின் உருவத்தை ஆராய்வதற்கு இவ்வினாவே எமக்கு வழிகாட்டுகிறது.

ஊடகத்தின் இயல்பே உள்ளடக்கமாக மாறிய ஆக்கமொன்றினை முதலில் நோக்குவோம். லியாலினா 1996 இல் மொஸ்கோவில் உருவாக்கிய ஆக்கம், போரிலிருந்து மீண்ட காதலனையும் அவனை எதிர்கொள்ளும் பெண்ணையும் பற்றியது. கறுப்பு வெள்ளைத் திரையில் சில சொற்களும் சில படங்களுமே உண்டு. வாசகர் அழுத்துந்தோறும் திரை சட்டகங்களாகப் பிளவுபடுகிறது. சட்டகம் மேலும் சிறு சட்டகங்களாகிறது. உரையாடல் துண்டுகளாகச் சிதறி, ஈற்றில் வெறுங் கறுப்புக் கட்டங்கள் எஞ்சுகின்றன. திரையைப் பல சட்டகங்களாகப் பிரித்தல் அக்காலத்து உலாவிகளுக்குப் புதிதாக வந்திருந்த வசதி. பெரும்பாலோர் அதனைப் பொருளடக்கப் பட்டியல் அமைக்கவே பயன்படுத்தினர். இங்கோ பேசமுடியாமையின் வடிவமாகவே அது அமைகிறது. வாசகரின் விரலே அப்பிளவை நிகழ்த்துகின்றது. போரின் பின்னர் வீடு திரும்பியோரின் மௌனத்தை அறிந்த எமது சமூகத்தினருக்கு, அக்கறுப்புக் கட்டங்கள் எதனைக் கூறுகின்றன என்பதை விளக்கவேண்டியதில்லை.

இதற்கு மறுதலையாகத் தோன்றுவது 2003 இல் டேவ் ஷே தொடக்கிய 'சீ.எஸ்.எஸ். சென் கார்டன்'. ஒரே உரை, ஒரே நிரல். அவற்றில் ஓர் எழுத்தையும் மாற்றுதலாகாது. தோற்றத்தை வரையறுக்கும் பாணிக்கோப்பையும் அதனோடு சேரும் படங்களையும் மட்டும் வடிவமைப்பாளர் புதிதாக எழுதலாம். இவ்வாறு ஒரே பக்கம் நூற்றுக்கணக்கான கோலங்களில் காட்சியளித்தது. உள்ளடக்கம் மாறாதிருக்க உருவம் எவ்வாறும் மாறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என உருவவாதிகள் கேட்கக்கூடும். ஆயின், அந்த உரை எதனைப் பற்றியது? பாணிக்கோப்பின் ஆற்றலைப் பற்றியதே அது. வடிவமைப்பாளரை அப்பாதைக்கு அழைப்பது. அதாவது அங்கு உருவமே உள்ளடக்கமாகும். எந்த ஆடையும் பொருந்துவது அவ்வுடல் ஆடையைப் பற்றியே பேசுவதனாலாகும். அதே உத்தியை லியாலினாவின் ஆக்கத்துக்குப் பிரயோகித்துச் சட்டகங்களை அகற்றினால், எஞ்சுவது சில வாக்கியங்கள் மாத்திரமே. எனவே உருவம் பிரிக்கத்தக்கது என்னும் வாதத்தைச் சென் கார்டன் நிறுவவில்லை. எத்தகைய உள்ளடக்கத்துக்கு அது பிரிக்கத்தக்கது என்பதையே காட்டுகிறது.

இன்றைய போர்ட்போலியோவின் நிலை இவ்விரண்டினின்றும் வேறானது. ஸ்குவெயார்ஸ்பேஸ், விக்ஸ் போன்ற சேவைகள் ஆயத்த வார்ப்புருக்களை வாடகைக்கு வழங்குகின்றன. ஆக்கம் எதுவாயினும் ஒரேவகைச் சதுரக் கட்டங்களில் அடுக்கப்படுகிறது. பிஹான்ஸ் தளத்தில் ஒவ்வோர் ஆக்கத்தின் கீழும் பார்த்தோர் தொகையும் பாராட்டியோர் தொகையும் காட்டப்படுகின்றன. தன்மையால் வேறுபட்டவை தொகையால் ஒப்பிடத்தக்கனவாகின்றன. பயன்பெறுமானம் பரிவர்த்தனைப் பெறுமானத்தின் பின்னே மறைகிறது. பண்டத்தின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டும் பக்க அமைப்பு அரிது. ஜியோசிற்றீசின் பக்கம் வீடாகக் கருதப்பட்டதெனின், இன்றைய பக்கம் கடைக்கண்ணாடி. அதனுள் வைக்கப்படுவது ஆக்கம் மட்டுமன்று, ஆக்கியவரின் உழைப்புச் சக்தியுமாகும்.

உடைமை வரலாறு இதனை உறுதிசெய்கிறது. அசைவும் ஒலியுங் கொண்ட தளங்களை ஆக்கிய பிளாஷ் தொழில்நுட்பத்தை உடைமையாகக் கொண்டிருந்த மக்ரோமீடியாவை அடோபி 2005 இல் வாங்கியது. 2012 இல் பிஹான்சையும் வாங்கியது. 2013 இல் தனது பிரதான வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளை ஒருமுறை விலைக்கு விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. கருவிக்கு வாடகை செலுத்தும் கலைஞர், அக்கருவியின் உடைமையாளருக்கே சொந்தமான காட்சிக்கூடத்தில் தம்மைக் காட்டி வேலை தேடுகிறார். பிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் முடிவுற்றதும், ஒரு தலைமுறையின் ஆக்கங்கள் சாதாரண உலாவிகளில் திறக்கமுடியாதனவாயின. அவற்றுள் ஒரு பகுதியைப் போன்மிப்பு மென்பொருளால் இணைய ஆவணகம் மீட்டெடுத்துள்ளது.

ஆயினும், வார்ப்புருவை முற்றாக நிராகரித்துக் கைவினைக் காலத்துக்கு மீளுமாறு கூறுதல் இயக்கவியல் நோக்காகாது. அது மத்தியதர வர்க்கத்தின் பழமையேக்கம். நிரலெழுதக் கல்லாத ஒருவரும் தம் ஆக்கத்தை வெளியிட வார்ப்புரு உதவியுள்ளது. ஈதன் மார்க்கொற் 2010 இல் முன்வைத்த, திரையின் அளவுக்கேற்பத் தகவமையும் வடிவமைப்பு முறையும் அவ்வாறே. கைத்தொலைபேசியொன்றே கணனியாக உள்ள வாசகரை அது பக்கத்தினுள் அனுமதித்தது. வார்ப்புருவானது தன்னளவிலே தீங்கன்று. வெண்பாவும் ஒரு வார்ப்புருவே. அவ்வடிவம் யாருடைய உடைமை, அதனை மீறும் உரிமை புலவனுக்கு உண்டா என்பனவே வினாக்கள். வெண்பாவுக்கு எவரும் வாடகை கேட்டதில்லை.

தமக்கெனத் தளம் அமைப்போர், எந்த உலாவியும் திறக்கத்தக்க எளிய, திறந்த நிரலில் அதனை எழுதுதலும், ஆக்கத்தின் இயல்பிலிருந்தே அதன் அமைப்பைத் தேடுதலும், மூலப்பிரதியைத் தம்மிடம் வைத்திருத்தலும் அவசியமாகும். ஆனால், இவை தனிமனித முயற்சிகள். தளப்பெயரும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பெறப்படுவதே. ஜியோசிற்றீசின் ஒரு பகுதியைக் காத்தவர்கள் கூட்டாக உழைத்தோர் என்பது தற்செயலன்று. கலைஞர் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் தமக்குச் சொந்தமான வழங்கிகளில் ஆக்கங்களைப் பேணும் பொறுப்பை ஏற்கும்போதே, தளத்தின் உருவத்தைத் தீர்மானிக்கும் சுதந்திரம் கலைஞர் கைக்கு வரும். அதுவரை கடைக்கண்ணாடியின் அழகை மட்டும் வியந்துகொண்டிராது, அக்கடை யாருடையதென வினவுவது விமர்சகரின் கடமையாகும்.