செகண்ட்ஸ் பித்தளை: குறை எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் ரைஃபிள் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் தோட்டாவைக் கடையில் முழுசாக வாங்குவதில்லை. பாகங்களை வாங்கி வீட்டிலேயே கோத்துக்கொள்கிறார்கள். ரீலோடிங் என்று பெயர். இவர்களுக்கென்று விற்கிற கடைகளில் அடிக்கடி ஒரு சரக்கு தள்ளுபடியில் வரும்: ஃபேக்டரி செகண்ட்ஸ் பித்தளை. அதாவது, தொழிற்சாலையின் சோதனையில் முதல் தரத்துக்குத் தேறாமல் ஒதுக்கப்பட்ட, புத்தம் புதிய தோட்டாக் கூடுகள். கூடவே ஒரு சமாதானமும் வரும்: குறை தோற்றத்தில் மட்டும்தான், வேலையில் ஒன்றும் குறையாது.

இந்தப் பதிவு அந்தச் சமாதானத்தைப் பற்றியது. நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை. ஆனால் இருபது வருடமாக மென்பொருளில் ‘இது தோற்றப் பிழைதான், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று யாராவது ஒட்டிவிடும் சீட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவன். அந்தச் சீட்டை யார் ஒட்டினார்கள், எதைப் பார்த்து ஒட்டினார்கள் என்று கேட்பது பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பித்தளைக்குள் இறங்கினேன்.

முதலில் அடிப்படை. ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: முன்னால் குண்டு, உள்ளே மருந்து, பின்னால் தீப்பொறி தரும் பிரைமர், இவை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் தீர்ந்துவிடும். மிஞ்சுவது கூடு மட்டும். அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் வைத்து, மருந்து நிரப்பி, குண்டு பொருத்தலாம். ரீலோடிங்கில் மிச்சமாகும் காசில் பெரும்பகுதி இந்தக் கூட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் அது தள்ளுபடியில் கிடைக்கிறது என்றால் எல்லாருக்கும் காது நிமிர்கிறது.

ஆனால் அந்தக் கூடு என்ன வேலை செய்கிறது? .308 வின்செஸ்டர் என்ற பரவலான தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்கள் 1926இல் தொடங்கிய தர நிர்ணய அமைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தமிழில் எழுதினால் ‘சாமி’ என்று வருகிறது. அந்தச் சாமி இந்தத் தோட்டாவுக்கு வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 33 பவுண்டு அளவில் இருக்கும். 1,800 மடங்குக்கும் மேல்! அந்த நொடியில் மெல்லிய பித்தளைச் சுவர் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் வராமல் அடைக்கிறது. பிறகு கொஞ்சம் சுருங்கி, வெளியே இழுக்க வழி விடுகிறது. சுடுபவரின் கன்னம் இருப்பது அதற்குச் சற்றுப் பின்னால். ஆக, இந்தக் கூடு வெறும் டப்பா இல்லை. வாஷர் அது. ஒவ்வொரு முறையும் புதிதாக மாட்டப்படும் வாஷர்.

ஒரே கூட்டில் இரண்டு எதிரெதிர் குணங்கள் வேண்டும். கழுத்துப் பக்கம் மென்மையாக இருக்கணும், இல்லையென்றால் விரியும்போது பிளக்கும். அடிப்பக்கம் கெட்டியாக இருக்கணும், இல்லையென்றால் அழுத்தத்தில் அடி அகன்று பிரைமர் குழி தளர்ந்துவிடும். 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த பித்தளையைச் சின்னக் கிண்ணமாக வெட்டி, அச்சில் பலமுறை இழுத்து நீட்டி, நடுநடுவே சூடேற்றி இளக்கி, அடியை அடித்துக் கெட்டியாக்கி, கடைசியில் கழுத்தை மட்டும் மறுபடி சூடேற்றி இந்த இரட்டைக் குணத்தை வரவைக்கிறார்கள். இதில் எந்தப் படியிலும் பிசகலாம். பிசகிய இடத்தைப் பொறுத்து குறையின் அர்த்தமே மாறிவிடும்.

இங்கேதான் என் ஆட்சேபம். ‘செகண்ட்ஸ்’ என்பது ஒரு தரம் இல்லை, ஒரு கூடை. அதில் மூன்று விதக் குறைகள் விழலாம்.

ஒன்று, கண்ணுக்குத் தெரியும், வேலையைக் கெடுக்காத குறை. குவியலாகக் கொட்டும்போது கழுத்தில் விழுந்த நசுங்கல், மேலே கீறல், கறை, அடியில் சரியாகப் பதியாத முத்திரை எழுத்து. நசுங்கல் அளவு அச்சில் ஒருமுறை போய்வந்தால் நிமிர்ந்துவிடும். சின்னக் குழி முதல் வெடிப்பிலேயே வெளியே தள்ளிக்கொள்ளும்.

இரண்டு, கருவி வைத்தால் தெரியும் குறை. கழுத்துச் சுவர் ஒரு பக்கம் தடிப்பு, இன்னொரு பக்கம் மெலிவு. பிரைமரின் தீ உள்ளே போகும் துளை நடுவில் இல்லை. ஒரு கூட்டுக்கும் இன்னொன்றுக்கும் எடை வித்தியாசம். வெளி அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதனால் எடை கூடினால் சுவர் தடிப்பு, அதாவது உள்ளே இடம் குறைவு என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அதே மருந்தைக் குறைந்த இடத்தில் எரித்தால் அழுத்தம் ஏறும். ராணுவக் கூடுகள் கனமாக இருந்தால் மருந்தைக் குறைக்கச் சொல்லும் பழைய அறிவுரைக்குக் காரணம் இதுதான்.

மூன்று, கண்ணுக்கும் தெரியாது, சாதாரணக் கருவிக்கும் தெரியாது. அடி போதுமான அளவு கெட்டிப்படாத கூடு. அது புதிதாக இருக்கும்போது மற்றதைப் போலவே பளபளக்கும். இரண்டு மூன்று முறை சுட்ட பிறகு, பிரைமர் கையழுத்தத்துக்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அப்போதுதான் தெரியும்.

தோற்றத்தை நம்பக்கூடாது என்பதற்குப் பித்தளையின் வரலாற்றிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதுவும் இந்தியாவில் நடந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாக் கூடுகள் இங்கே மழைக்காலத்தில், யாரும் தொடாமலே, வைத்த இடத்தில் விரிசல் விட்டன. பருவத்தோடு வந்ததால் ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்தார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கம் எழுதினார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள்; குதிரை மூத்திரத்தின் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து, அச்சில் இழுபட்டபோது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கத்தைத் தாக்கியது. இறுக்கம் கண்ணுக்குத் தெரியாது. விரியும் நாள் வரை அவை முதல்தரக் கூடுகள்தான். இன்றும் ரீலோடிங் செய்பவர்கள் அம்மோனியா கலந்த பாலிஷைப் பித்தளைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு வேர் இதுதான்.

அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் வழிகளில் ஒன்று, கழுத்தைச் சூடேற்றிப் பதப்படுத்துவது. சூடேற்றிய இடத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை படியும். ராணுவக் கூடுகளில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். கடைக்குப் போகும் கூடுகளில் பல உற்பத்தியாளர்கள் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். விஷயம் தெரியாதவர் கையில் இரண்டையும் கொடுத்தால் கறை படிந்ததைத்தான் செகண்ட்ஸ் என்பார். உண்மையில் அந்தக் கறை, செய்யவேண்டிய வேலை நடந்திருக்கிறது என்பதற்கான கையெழுத்து.

சரி, மூன்று விதக் குறையில் எது என்று விற்பவர் சொல்லிவிட்டால் போதுமே? சில பேர் சொல்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சொல்லாதபோதுதான் சிக்கல். 1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: சரக்கின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், விலை சரக்கின் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடும். செகண்ட்ஸில் இது இன்னும் கூர்மை. பழைய காரில் குறை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இங்கே குறை இருப்பது உறுதி, அதைக் கண்டுபிடித்துத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த இடத்தில் என்ற தகவல் மட்டும் வழியில் உதிர்ந்துவிடுகிறது.

அந்தத் தகவலுக்கு எவ்வளவு மதிப்பு? என் அனுமான எண்களை வைத்து ஒரு கணக்கு. முதல்தரக் கூடு ஒன்று 1 டாலர், 100 வாங்கினால் 100 டாலர். ஒவ்வொன்றும் 10 முறை தாங்கினால் ஒரு சுடலுக்குப் பித்தளைச் செலவு 10 சென்ட். செகண்ட்ஸ் 100 கூடு 65 டாலர். குறை வெறும் நசுங்கல் என்றால், 2 கழிந்தாலும் 98 கூடு 10 முறை தாங்கும். சுடலுக்கு 6.6 சென்ட். அருமையான வியாபாரம். குறை அடியில் என்றால், 12 கழிந்து மீதி 88 கூடு 6 முறைதான் தாங்குகிறது என்று வைப்போம். சுடலுக்கு 12.3 சென்ட். மலிவாக வாங்கியது முதல்தரத்தைவிட விலை கூடிவிட்டது. இரண்டுக்கும் பில் ஒன்றுதான், 65 டாலர். பிரித்து, எடை போட்டு, அளந்து பார்க்கும் நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இதோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு மலிவுச் சரக்கு, ஒருமுறை சுட்ட ராணுவக் கூடு. அதற்கும் தொல்லை உண்டு: பிரைமரைச் சுற்றி இறுக்கி மடித்திருப்பார்கள், அதை நீக்கணும், இயந்திரத் துப்பாக்கியில் சுட்டதென்றால் அதிகம் நீண்டிருக்கும். ஆனால் அது தேர்வில் தேறிய பழசு. செகண்ட்ஸ், தேர்வில் தேறாத புதுசு. ‘புதுசு’ என்ற சொல்லில் மயங்கி இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

செகண்ட்ஸே வாங்காதே என்று சொல்ல வரவில்லை. வருடத்துக்கு நாற்பது ஐம்பது முறை, மிதமான மருந்தளவில், நூறு கஜ தூரத்தில் சுடுகிறவருக்கு கழுத்துச் சுவரின் சிறு வித்தியாசம் இலக்கில் தெரியப்போவதில்லை. போட்டியில் சுடுபவருக்குத் தெரியும். வரம்பை ஒட்டி மருந்து போடுபவருக்கு அது தெரிவதற்கு முன்பே ஆபத்து வரலாம். நியாயமான வழிகள் இருக்கின்றன. என்ன காரணத்துக்காக ஒதுக்கியது, ஒரே உற்பத்தித் தொகுதியா, பல தொகுதிகளின் கலவையா என்று வாங்குமுன் கேட்கலாம். மொத்தமாக அள்ளாமல் ஒரு பை வாங்கி எடை போட்டுப் பார்க்கலாம். கையேட்டில் சொன்ன தொடக்க அளவிலிருந்தே, இந்தக் கூடுகளுக்கென்று தனியாக மருந்தளவைப் படிப்படியாக முடிவு செய்யலாம். பிரைமர் தளர்வாக உட்கார்ந்த கூட்டை அன்றைக்கே நசுக்கித் தூக்கிப் போடலாம். இவற்றில் எதுவும் பெரிய செலவில்லை.

பனியனில் தையல் கோணினால் அது கண் முன்னால் இருக்கிறது. பார்த்து, பேரம் பேசி வாங்குகிறோம். இந்தப் பித்தளையில் கண் பார்க்கிற குறை அநேகமாகத் தீங்கற்றது. தீங்கான குறையைக் கண் பார்ப்பதில்லை. ஆகவே ‘தோற்றத்தில் மட்டும்தான்’ என்ற வாக்கியத்தைத் தோற்றத்தை வைத்துச் சரிபார்க்க முடியாது. அதைச் சொல்ல, ஒதுக்கியவரின் சோதனைக் குறிப்பு வேண்டும். குறிப்போடு வரும் 35 சதவீதத் தள்ளுபடி உண்மையான தள்ளுபடி. குறிப்பு இல்லாமல் வந்தால், அந்தச் சோதனையை வாங்குபவர் தலையில் கட்டியதற்கான கூலி அது.