முன் ஃபோர்க்கில் புது ஆயில்
பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கின் முன் ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை உருவிக் கவிழ்த்தால் கொட்டுவதை ஆயில் என்று நம்ப முடியாது. சாம்பல் நிறம், மீன் கழுவிய தண்ணீர் போல ஒரு வாடை. நல்ல மெக்கானிக் கடைசிச் சொட்டுவரை விடமாட்டார். உள்ளே கேட்கும் ‘களக் களக்’ அடங்கும்வரை இழுத்து இழுத்து அமுக்குவார்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம்தான். அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் புது ஆயிலை ஒரே அளவாக ஊற்றுவார். அவசரப்பட்டால் காற்று உள்ளேயே தங்கிவிடும். மெல்ல மெல்ல அமுக்க, குமிழிகள் மேலே வந்து உடையும். கைக்கு வழுவழுப்பான ஓர் எதிர்ப்பு தட்டுப்படும். திமிறும் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே மேல்மூடியை மரை தப்பாமல் ஏற்றுவது தனி வித்தை. பூட்டியதும் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை அமுக்கிப் பாருங்கள். இறங்கிய வேகத்தில் துள்ளாது, நிதானமாக எழுந்து வரும். வேகத்தடைக்கு வேகத்தடை ‘டொக்’ என்று கும்பிடு போட்ட வண்டியா இது!