மாணவர் கட்டுரையும் நன்னூலார் கூறும் பத்துக் குற்றமும்

மாணவர் எழுதும் கட்டுரையைத் திருத்துதல் என்பது பெரும்பாலும் எழுத்துப்பிழை களைதல் என்னும் அளவில் நின்றுவிடுகின்றது. ஏட்டைக் கையில் வாங்கும் ஆசிரியர் விடுபட்ட வல்லெழுத்தை இடுகிறார். ணகர னகர மயக்கத்தைச் சுழிக்கிறார். மதிப்பெண் இட்டுத் திருப்பித் தருகிறார். மாணவன் மதிப்பெண்ணை நோக்கி ஏட்டை மூடுகிறான். திருத்தம் நிகழ்ந்தது; திருந்தியவர் யார் என்பதே வினா.

இவ்வினாவிற்கு விடை காண நன்னூலின் பொதுப்பாயிரம் துணைசெய்யும். 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தியார் நூலுக்கு ஆகாத குற்றங்களைப் பத்தென வகுத்தார். அவற்றுள் சொல்லின் வழுவைச் சுட்டுவது வழூஉச்சொற் புணர்த்தல் என்னும் ஒன்றே. ஏனைய ஒன்பதும் பொருளின் அளவு, தெளிவு, ஒழுங்கு, பயன் என்பனவற்றைப் பற்றியன. வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல் குன்றக் கூறல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பரப்புதல் மற்றொன்று விரித்தல். தொடக்கத்திற் செறிந்து வரவரத் தளர்ந்து முடிதல் சென்றுதேய்ந்திறுதல். நம் சிவப்பு மை முழுவதும் அவ்வொன்றன்மேற் செலவாக, ஒன்பதும் தீண்டப்படாமல் கிடக்கின்றன என்பதே ஈண்டு யாம் கூறும் குறை.

ஒரு சான்று கொள்வாம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஊர்ச் சந்தையைப் பற்றி, ‘சந்தை மிக அழகானது. அங்கே பல பொருள்கள் கிடைக்கும். மக்கள் பலர் வருவார்கள். சந்தை பார்ப்பதற்கு அழகாக இருக்கும்’ என எழுதினான் எனக் கொள்க. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் இறுதித் தொடர் கூறியது கூறல். இடையில் உள்ளவை எவ்வூர்ச் சந்தைக்கும் பொருந்துவன ஆதலின் குன்றக் கூறல். ‘நீ கண்ட பொருள் யாது? விற்றவர் யார்? முதலில் உன்னை எட்டியது எது?’ என ஆசிரியர் வினவுவாராயின், ‘கருவாட்டு மணம் தெருமுனை வரை வந்தது. வெற்றிலைக்காரப் பாட்டி கவுளியை எண்ணிக்கொண்டே விலை சொன்னாள்’ என்று மாணவனே எழுதக்கூடும். அழகு என்னும் சொல் தானே நீங்கிவிடும். அத்தொடர்களை ஆசிரியரே எழுதித் தருவாராயின் கட்டுரை சிறக்கும், மாணவன் சிறவான்.

வினவித் திருத்துதல் நம் மரபிற்குப் புதிதன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் தொல்காப்பியம் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்பது அந்நூற் பாயிரத்தால் அறியப்படும். அவ்வாசானைக் கேட்டாராகவே பாயிரம் காட்டுகிறது. நூலைத் தாமே மாற்றி எழுதினாராகக் காட்டவில்லை. ஆராயும் உரிமை கேட்போர்க்கு. எழுதும் உரிமை எழுதுவோர்க்கே.

பத்துக் குற்றம் இலக்கண நூலுக்குச் சொல்லப்பட்டது, சிறுவர் எழுத்துக்கு அன்று எனச் சிலர் மறுக்கலாம். இம்மறுப்பில் ஒரு பகுதி உண்மை. பத்தையும் ஒருங்கே ஒரு சிறுவன்மேல் ஏற்றின் அவன் எழுதவே அஞ்சுவான். எழுதத் தெரிந்த சொல்லை மட்டும் எழுதி, எண்ணியதை மறைத்துக்கொள்வான். ஆதலின் ஒரு கட்டுரைக்கு ஒரு குற்றம் அல்லது இரண்டே போதும். அவற்றையும் பெயர் கூறாது வினாவாக மாற்றி அளித்தல் வேண்டும்.

ஐம்பது மாணவர் உள்ள வகுப்பில் இஃது இயலுமோ என்பது மற்றொரு தடை. இதற்கும் நன்னூலிலேயே விடை உண்டு. ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் புலமையிற் காற்பங்கே கைவரும் என்றும், உடன்பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காலும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரையும் நிரம்பும் என்றும் அந்நூல் கருதுகிறது. இருவர் இருவராக அமர்ந்து, ஒருவன் தன் கட்டுரையை உரக்கப் படிக்க, மற்றவன் விளங்காத இடத்தில் நிறுத்தி வினவுவானாக. தன் குரலில் கேட்கும்போது மயங்க வைத்த தொடரை எழுதியவனே உணர்வான்.

சந்திப்பிழையைப் பொருட்படுத்த வேண்டா என்பது நம் கருத்தன்று. அதன் இடம் இறுதிப் படி. நீக்கப்படவிருக்கும் தொடரில் வல்லெழுத்தைத் திருத்துதல் இடிக்கவிருக்கும் சுவருக்குச் சுண்ணம் பூசுதலை ஒக்கும். பொருள் நிலைபெற்றபின் எழுத்தைச் செம்மை செய்யின், அச்செம்மை தன் கருத்தைக் காப்பது என்பதை மாணவன் உணர்ந்து விரும்பி மேற்கொள்வான். ஏட்டில் ஆசிரியர் மை குறைந்து மாணவன் மை மிகுவதே திருத்தம் பயன் தந்தமைக்கு அடையாளம் என்க.