கூகைக்கு ஏன் எலிக்கறி? நற்றிணை 83-ஐக் கையால் படிப்போம்

ஆந்தைப் பாடம்னாலே நம்ம வகுப்பில் ஒரு காகிதத் தட்டு, இரண்டு பெரிய கண், கொஞ்சம் பசை. வேலை சுவரில் தொங்கும். பிள்ளைக்கு ஆந்தையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். அதே பிள்ளை பின்னாளில் நற்றிணை 83-க்கு, "கூகை தீச்சகுனம், அதனால் தோழி அஞ்சுகிறாள்" என்று எழுதிவிட்டுப் போகிறது.

பெருந்தேவனாரின் அந்தப் பாடலை மறுபடி பாருங்கள். தோழி கூகையை விரட்டவில்லை. ஊர் வாயிலில், பழைய மரத்தில் பழகி வாழும் பறவை என்கிறாள். வளைந்த அலகு, தெளிந்த கண், கூரிய நகம் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்கிறாள். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சியோடு சுட்ட எலியும் தருகிறோம், காதலர் வரும் நேரத்தில் மட்டும் குழறாதே என்கிறாள். குரல் அச்சம் தருவதுதான். ஆனால் சாவு, சகுனம் என்ற பேச்சே இல்லை. மறைவில் நிற்கும் தலைவன் காதில் இது விழ வேண்டும். இரவுச் சந்திப்புக்கு இடையூறு அதிகம், சீக்கிரம் மணம் முடி என்பதே குறிப்பு. இதுதான் வரைவு கடாதல்.

சரி, ஏன் எலி? இதற்கு உரைநூலைவிடக் கூகை கக்கிய உருண்டை நன்றாக விடை சொல்லும். கூகை சின்ன இரையை முழுசாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். எலியைக் கட்டுப்படுத்தச் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி வைப்பது நம் நாட்டில் பழகிய வழக்கம். கிள்ளான் பக்கத்து ஆசிரியர்கள் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, பெட்டிக்குக் கீழே கிடப்பதை மட்டும் எடுக்கலாம். கூட்டைத் தொட வேண்டாம். ஓவனில் நன்றாகச் சூடாக்கிய பிறகு, கையுறை, முகக்கவசத்தோடு பிரித்தால் எலியின் மண்டையோடு, தாடை, முன்பல் எல்லாம் வரும். புலவர் பார்த்துத்தான் எழுதினார் என்று பிள்ளைக்கு அப்போது புரியும்.

பிரிக்பீல்ட்ஸில் தோட்டம் ஏது என்பீர்கள். காக்கை இருக்கிறதே! பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்கிறது குறள் 481. பகலில் வெளிப்படும் ஆந்தையைக் காக்கைக் கூட்டம் விரட்டுவதைக் காணொளியில் காட்டி, காலமறிதல் அதிகாரத்தைத் தொடங்கலாம்.

எலும்பை எண்ணுவதோடு நிறுத்தினால் அது அறிவியல் பாடம் மட்டுமே. பாடலுக்குத் திரும்பி, "தோழி ஏன் எலியைத் தேர்ந்தாள்?" என்று கேளுங்கள்.

இது மதிப்பெண் விஷயம் மட்டுமல்ல. சகுனம் என்று நம்பிய கை கல்லெடுக்கும். எலி விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்ற கூகையும் சாகலாம். தோழி அதை ஊர்க்காரராக மதித்தாள்; நாமும் அப்படிச் சொல்லிக் கொடுப்போம்.