இரவல் வலிமை: வெற்றிப்படங்களின் கதாநாயகிகள் குறித்து

எம்மவர் கூடும் இடங்களில் தமிழ்ச் சினிமா பற்றிப் பேச்செழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. கதாநாயகிகள் முன்னர் போல இல்லையாம். வாளெடுக்கிறார்களாம், சபையில் எதிர்த்துப் பேசுகிறார்களாம், அரசாளுகிறார்களாம். 'பாகுபலி'யின் இரு பாகங்களும் (2015, 2017) வந்த பின்னர் இவ்வாதம் மேலும் பலம்பெற்றது. சிவகாமி, தேவசேனா, அவந்திகா என்று மூன்று பெயர்களை அடுக்கிவிட்டால் விவாதம் முடிந்ததாகவே பலர் கருதுகிறார்கள். விவாதம் அங்கேதான் ஆரம்பமாக வேண்டும் என்பது என் கருத்து. வலிமையும் சுதந்திரமும் ஒன்றல்ல. வெகுசன சினிமா பெண்ணுக்கு வலிமையைத் தாராளமாகக் கடன் கொடுக்கிறது. அவள் அதைக்கொண்டு சுதந்திரத்தை நெருங்கும்போது கடனைத் திருப்பிக் கேட்கிறது.

இக்கொடுக்கல் வாங்கல் புதியதல்ல. சேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரியை அடக்கும் நாடகம் 1963இல் சிவாஜியும் பானுமதியும் நடித்த 'அறிவாளி'யாக வந்தது. 1972இல் 'பட்டிக்காடா பட்டணமா'வில் ஜெயலலிதா ஏற்ற படித்த பட்டணத்து மனைவிக்குக் கிராமத்துக் கணவன் பாடம் புகட்டினான். 1992இல் 'மன்னன்' வந்தது. 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' என்று தமிழில் பேசவைக்கப்பட்ட தெலுங்குப் படத்தில் பொலிஸ் அதிகாரியாக நடித்து இந்திய தேசிய விருது பெற்ற விஜயசாந்திதான் இதில் தொழிலதிபர். தொழிற்சாலையை நிர்வகிக்கும் ஆற்றல் அவளிடம் உண்டு என்பதைப் படமே ஒத்துக்கொள்கிறது. ஆயினும் கதை அவளைக் கொண்டுசேர்க்கும் இடம் அடுக்களை. திறமையற்ற பெண்ணை அடக்குவதில் நாயகனுக்கு என்ன பெருமை? அவனுடைய உயரத்தை அளப்பதற்கே அவளுக்கு உயரம் கொடுக்கப்படுகிறது.

1999இல் வெளியான 'படையப்பா'வின் நீலாம்பரியை இந்த வரிசையில் வைப்பதற்கு ஆட்சேபணை எழலாம். ரம்யா கிருஷ்ணனின் பார்வைக்கும் நடைக்கும் தியேட்டர்களில் கைதட்டல் கிடைத்தது. வசுந்தராவின் பணிவை விட நீலாம்பரியின் திமிர்தான் பார்வையாளர் மனதில், குறிப்பாகப் பெண்கள் மனதில், நின்றது. இறுதியில் எதிரியின் தயவில் உயிர்வாழ மறுத்துத் தற்கொலை செய்துகொள்கிறாள், மன்னிப்புக் கேட்கவில்லை. படம் சொல்லவந்த பாடத்தைப் பார்வையாளர் அப்படியே விழுங்குவதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. இதை நான் மறுக்கவில்லை. ஆனால், தான் விரும்பிய ஆணைத் தானே தேர்ந்து கேட்டதுதான் இப்பெண்ணின் முதற் குற்றம் என்பதையும் கவனிக்கவேண்டும். அதற்குத் தண்டனையாகப் பதினெட்டு வருடங்கள் அறைக்குள் அடைந்துகிடக்கிறாள். ஒருவனை வெறுப்பதைத் தவிர அவளுக்கு வேறு வாழ்வே எழுதப்படவில்லை. அவளுடைய வலிமை முழுவதும் அவனைச் சுற்றிக் கட்டப்பட்ட கயிறு.

இனி ராஜமௌலியின் மூன்று பெண்களுக்கு வருவோம். அதே ரம்யா கிருஷ்ணன் இங்கு சிவகாமி. துரோகிகளைக் கொல்கிறாள், கைக்குழந்தையோடு அரியணையில் அமர்கிறாள், அவள் வாக்கே சட்டமாகிறது. ஆனால் இரு ஆண் குழந்தைகளில் எவனுக்கு முடி என்பதற்கு அப்பால் அவளுடைய ஆட்சிக்குக் கேள்வியே கிடையாது. அவளே ஏன் அரசியாக இருக்கக்கூடாது என்று படத்தில் ஒரு பாத்திரம்கூடக் கேட்கவில்லை. தேவசேனா தன் துணையைத் தானே தேர்கிறாள், சபையில் அநீதியைத் தட்டிக்கேட்கிறாள். மூவரில் சுதந்திரத்திற்கு மிக அண்மையில் நிற்பவள் அவளே. அதன்பின் இருபத்தைந்து வருடங்கள் சங்கிலியில் கிடந்து மகனுக்காகக் காத்திருக்கிறாள். பகைவனுக்கான சிதைக்குச் சுள்ளி பொறுக்குவது அவள். பகைவனை வெல்வது மகன்.

அவந்திகாவின் கதை இன்னும் தெளிவானது. அவள் ஒரு கிளர்ச்சிக் குழுவின் போராளி. தேவசேனாவை மீட்கும் பணி அவளிடம் ஒப்படைக்கப்படுகிறது. காதலன் அவள் அறியாமலே கையில் சித்திரம் தீட்டுகிறான். பின்னர் அவள் எதிர்க்க எதிர்க்க உடையைக் குலைத்து, உதட்டுக்குச் சாயமிட்டு, அவளைப் 'பெண்ணாக்குகிறான்'. இது வன்புணர்வுக்கு ஒப்பானது என்று விமர்சகர் அனா வெட்டிக்காட் 2015இல் எழுதியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. சர்ச்சை முழுவதும் உடையைப் பற்றியதாகவே நடந்தது. அக்காட்சிக்குப் பின் அவளுடைய பணியும் அவன் கைக்குப் போய்விடுகிறது. உடை குலைந்ததைக் கண்டவர்கள் பொறுப்புப் பறிபோனதைப் பெரிதாகக் காணவில்லை.

ஆயுதம் ஏந்திய பெண் விடுதலை பெற்ற பெண்ணா என்ற கேள்வி எமக்குச் சினிமாவிலிருந்து வந்ததல்ல. 'முறிந்த பனை'யின் ஆசிரியர்களுள் ஒருவரும், 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டவருமான ரஜனி திராணகம, போருக்குள் பெண்களின் அனுபவங்களை எழுதியவர். அவரை வாசித்த எவரும் கையில் என்ன இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. முடிவு யாருடையது என்றும் கேட்டாக வேண்டும்.

இந்த அளவுகோலால் அளந்தால் வரிசை மாறுகிறது. ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்' (1978) மஞ்சு வலிமையானவள் அல்ல, காயப்பட்டவள், குழம்புகிறவள். ஆயினும் அவளுடைய குழப்பம் அவளுடையது. படம் வசூலில் தோற்றது. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) கவிதா சம்பாதித்துக் குடும்பத்தைச் சுமக்கிறாள். திருமணத்தை விட்டுக்கொடுத்து மீண்டும் வேலைக்கே போகிறாள். அது வெற்றிப்படம். ஊருக்குக் காசனுப்பியே இளமையைத் தொலைத்த எம்மில் பலருக்கு அவளைத் தெரியும். கோபி நயினாரின் 'அறம்' (2017) கலெக்டர் மதிவதனி இறுதியில் பதவியைத் துறந்து தன் பாதையைத் தானே எடுக்கிறாள். கடன் திருப்பிக் கேட்கப்படாத அபூர்வமான வெற்றிப்படம் அது. ஆனால் அவளுக்குக் காதலனோ கணவனோ கதையில் இல்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டு சுதந்திரமாக வாழும் பெண்ணை எழுத எமது வெகுசன சினிமாவுக்கு இன்னமும் கை வரவில்லை.

எமக்கு மட்டும் வந்துவிட்டதா? பிராண்டேயில் உள்ள அபிராமி அம்மன் ஆலயத்தில் பூசை செய்வது ஒரு பெண். ஆண்களும் வரிசையில் நின்று வணங்குகிறார்கள். பிராமண ஆணுக்கே கருவறை என்ற மரபில் வந்த எமக்கு இது சிறிய மாற்றமல்ல. எமது பெண்கள் தொழிற்சாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்துச் சொந்தப் பெயரில் சம்பளம் பெறுகிறார்கள். இதையும் ஏற்றுக்கொண்டோம். ஆக, அம்மனாக வலிமை, உழைப்பாளியாக வலிமை, மேடையில் அரங்கேறும் மகளாக வலிமை எல்லாம் எமக்குச் சம்மதம். அதே பெண் தன் சம்பளத்தைத் தானே நிர்வகிக்கப் போகிறேன், இந்தக் கணவனோடு இனி வாழமாட்டேன், நான் தேர்ந்தவனையே மணப்பேன் என்று சொல்லும்போது எமது கடைசி ரீல் ஓட ஆரம்பிக்கிறது. நீலாம்பரி என்று பட்டம் சூட்டவும் ஆளிருக்கிறது.

படங்களில் பெண் எத்தனை பேரை வெட்டினாள் என்று எண்ணுவதை நிறுத்துவோம். கதையின் திருப்பத்தில் முடிவெடுத்தவர் யார், அம்முடிவு கடைசிவரை அவளிடம் இருந்ததா என்று கேட்போம். அக்கேள்வியைத் திரையிடம் கேட்கிறவர்கள் அதைத் தங்கள் வீட்டிலும் கேட்டுவிட்டுப் பதில் எழுதட்டும். விவாதத்தைத் தொடரலாம்.