ஒரு எழுத்துப்பிழையும் ஆறு வருடச் சிறையும்

'எ தவுசண்ட் கட்ஸ்' ஆவணப்படத்தைப் போன வாரம் இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். ரமோனா டயஸ் இயக்கி 2020ல் வந்த படம். பிலிப்பைன்ஸில் டுடெர்டே அதிபராக இருந்தபோது மரியா ரெஸ்ஸாவும் அவருடைய 'ராப்ளர்' இணையப் பத்திரிகையும் பட்ட பாடுதான் கதை. போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் போலீஸ் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றதை விடாமல் எழுதிய பத்திரிகை அது.

நல்ல படம், சந்தேகமே இல்லை. 2019 தேர்தலில் முன்னாள் போலீஸ் தலைவர் டெலா ரோசா மேடையில் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்கிறார். கூட்டம் ஏன் அந்தப் பக்கம் போனது என்று அதைப் பார்த்தாலே புரிந்துவிடும். மரியாவோ எத்தனை வழக்கு வந்தாலும் சிரித்த முகமாக இருக்கிறார். எனக்குச் சிக்கலே அங்கேதான். படம் முடியும்போது, 'இப்படி ஒரு தைரியசாலி இருந்தா போதும்ப்பா' என்று தோன்றிவிடுகிறது. ஒரு பத்திரிகையை எங்கெங்கே பிடித்து நெரிக்க முடியும் என்பதைப் படம் போகிற போக்கில்தான் தொடுகிறது.

அவதூறு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிலதிபரைப் பற்றி ராப்ளர் கட்டுரை போட்டது 2012 மே மாதம். இணையக் குற்றச் சட்டம் வந்ததோ அதே வருடம் செப்டம்பரில். அப்புறம் எப்படி வழக்கு? 2014 பிப்ரவரியில் அந்தக் கட்டுரையில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறார்கள். ஒரே ஒரு எழுத்து! அது 'மறுபிரசுரம்', ஆகவே புதுச் சட்டம் பொருந்தும் என்றது நீதிமன்றம். 2020 ஜூன் 15 அன்று மரியாவும் கட்டுரையை எழுதியவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதிகபட்சம் ஆறு வருடம் வரை சிறை. மேல்முறையீடு இருந்ததால் ஜாமீனில் வெளியே இருந்தார்கள்.

இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன் நான். 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று குறிப்பு போட்டு வரும் மாற்றத்தை எங்கள் டீமில் யாருமே திறந்துகூடப் பார்க்க மாட்டோம்.

அடுத்தது உரிமம். 2018 ஜனவரியில் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் ராப்ளரின் பதிவை ரத்து செய்ய உத்தரவிட்டது. ஒரு அமெரிக்க முதலீட்டுப் பத்திரத்தின் ஷரத்து, பத்திரிகையின் கட்டுப்பாட்டை வெளிநாட்டவருக்குத் தருகிறது என்பது காரணம். அதே பத்திரங்களை வைத்து வரி வழக்குகளும் போட்டார்கள். 2023ல்தான் அவற்றில் விடுதலை கிடைத்தது. கவனியுங்கள், இந்த உத்தரவிலோ வரி வழக்கிலோ கொலைச் செய்திகளைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாம் ஷரத்து, கணக்கு, தேதி.

அந்த ஐந்து வருடமும் மாதாமாதம் சம்பளம் போட்டு, வக்கீலுக்குக் காகிதம் தேடிக் கொடுத்து, தினமும் செய்தியும் போட்டிருக்கிறார்கள். பத்திரிகை நடத்துவது என்றால் அதுதான். அந்தக் கணக்காளரின் மேஜைப் பக்கம் கேமரா இன்னும் கொஞ்சம் நேரம் நின்றிருக்கலாம். தைரியத்தைப் பார்த்துக் கைதட்டலாம், ஆனால் அடுத்த பத்திரிகைக்காரர் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த மேஜையில்தான் இருக்கிறது.

நானும் பழைய பதிவுகளில் பிழை கண்டால் சத்தமில்லாமல் திருத்திவிடுகிற ஆள்தான். இனிமேல் என்ன மாற்றினேன், என்றைக்கு மாற்றினேன் என்று கீழே ஒரு வரி போடப்போகிறேன். இந்தப் பதிவில் பிழை கண்டாலும் சொல்லுங்கள்.