ஒரு வாக்கியத்தில் ஒரு பிரயாணம்

என் நாவல் ஒன்றில் கதாநாயகிக்கு ஆவடியில் வீடு, தரமணியில் உத்தியோகம். "ஒன்பதரைக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்தாள்" என்று ஒரே வாக்கியத்தில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். "எந்த வழியாக?" என்று கேட்டு ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். வேறு விமரிசனம் எதுவும் அதில் இல்லை. எனக்குச் சற்று வெட்கமாகிவிட்டது.

சென்னை ஒரு பாதி வட்டம். கிழக்கே சமுத்திரம். துறைமுகமும் ஹைகோர்ட்டும் பாரிமுனையும் ஊருக்கு வேலை கொடுத்த காலத்தில், பனையோலை விசிறியின் நரம்புகள் காம்பில் கூடுவதைப்போல ரயில் பாதைகள் அந்தப் பக்கம் வந்து கூடின. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குமாஸ்தாவுக்குத் தூரம் உண்டு, சுற்று கிடையாது.

2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. உத்தியோகங்களில் ஒரு பெரும் பங்கு பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போயிற்று. ஆவடி ரயிலோ இன்றும் சென்ட்ரலுக்குத்தான் வருகிறது. இரண்டு ஊர்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். ரயிலை நம்பியவள் சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறி, மறுபடி தெற்கே போகவேண்டும். 30 கிலோமீட்டருக்கு மேல். முக்கோணத்தில் ஒரு பக்கம் போகவேண்டியவள் இரண்டு பக்கம் போகிறாள்.

இவளுக்காவது மாதச் சம்பளம் உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு அந்த நாலு வீடும் நடை தூரத்தில் இருந்தால்தான் பிழைப்பு. ஆறு மணிக்குக் கதவைத் தட்டவேண்டியவள் பஸ்ஸுக்கு நின்றால், வேறொருத்தி வந்துவிடுவாள். வீடு கொடுத்தவர்கள் கணக்கில் இந்தத் தூரம் செலவாக ஏறவில்லை.

நாவலாசிரியர்களாகிய நாமும் அதே கணக்குத்தான் எழுதுகிறோம். மாமியார் மருமகள் சண்டைக்கு நாற்பது பக்கம். பிரயாணத்துக்கு அரை வரி. அந்தச் சண்டையின் காரணம் பல வீடுகளில் அந்த அரை வரியில்தான் இருக்கிறது. குழந்தை தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவளின் மனத்தை நாம் எவ்வளவு ஆராய்ந்து என்ன, அவள் எங்கிருந்து வருகிறாள் என்று சொல்லாதபோது?

அந்த நாவல் மறுபதிப்புக்குப் போகிறது. அவளைச் சென்ட்ரலில் இறக்கி வண்டி மாற விட்டிருக்கிறேன். அத்தியாயம் நீண்டுவிட்டது. குறைக்க மனமில்லை.